தெரிந்து வினையாடலின் மறந்த பாதி

திருக்குறளின் 51, 52ஆம் அதிகாரங்களான தெரிந்து தெளிதலையும் தெரிந்து வினையாடலையும், ஆள் தேர்வு பற்றியன என்று ஒரே மூச்சில் சொல்லி முடிப்பது வகுப்பறை வழக்கம். நல்ல குணமுடையவனைத் தேர்ந்தெடுத்தால் வேலை தானே நடந்துவிடும் என்பதே மாணவர் கொள்ளும் பொருள். வள்ளுவர் கருத்து அதுவன்று.

பரிமேலழகர் வைப்புமுறையில் 52ஆம் அதிகாரத்தின் மூன்றாம் குறள் அன்பு, அறிவு, தெளிவு, அவாவின்மை என்னும் நான்கு பண்புகளை வேண்டுகிறது. அடுத்த குறளோ, எவ்வகையால் ஆராய்ந்து தேறினும் வினையில் இறங்கியதும் வேறுபடுவோர் பலர் என்று எச்சரிக்கிறது. குணம் வேண்டும், ஆனால், குணம் மட்டும் போதாது.

பின் வேறென்ன வேண்டும்? அதற்கு விடை அதிகாரத்தின் பிற்பாதியில் உள்ளது. இவ்வினையை இவ்வழியால் இவன் முடிப்பான் என்று கண்டபின் அதனை அவனிடமே விட்டுவிட வேண்டும் என்பது ஏழாம் குறள். அவனை அவ்வினைக்கு உரியவனாக்க வேண்டும் என்பது எட்டாம் குறள். இதனைப் பதவி தருதல் என்று சுருக்கிவிடுவார் உளர். பரிமேலழகரோ, வினையைத் தானே செய்து முடிக்கும் ஆற்றலுடையவனாக அவனை ஆக்குதல் என்று விளக்குகிறார். உரைத்திறம் என்பது இதுவன்றோ! உழைப்பவன் உறவினன்போல் உரிமை எடுத்துக்கொள்வதைத் தவறாக நினைக்கும் தலைவனைத் திரு நீங்கும் என்கிறது ஒன்பதாம் குறள்.

1995இல் அமெரிக்க ஆய்வாளர் கிரெட்சன் ஸ்பிரைட்சர், பணியாளர் உள்ளத்தில் எழும் ஆற்றலுணர்வை நான்காகப் பகுத்தார். தன் வேலை பொருளுடையது, தன்னால் அது முடியும், செய்யும் முறை தன் கையில் இருக்கிறது, தன் செயலால் பயன் விளைகிறது என்பன அவை. தன்மதிப்பு உடையோரிடமும், நிறுவனத்தின் செய்திகள் அறிவிக்கப்பெற்றோரிடமும் இவ்வுணர்வு மிகுந்திருக்கக் கண்டார். முன்னது குணம், பின்னது தலைவன் செய்து தருவது. இவ்வுணர்வுடையோர் வேலையில் மனநிறைவும் நிறுவனத்தின்பால் பற்றும் மிக்கோராய் இருப்பதைப் பின்வந்த ஆய்வுகள் பலவும் காட்டியுள்ளன.

வினை செய்வானை நாள்தோறும் ஆராய்க என்னும் பத்தாம் குறள் இதற்கு முரண் அன்றோ என்று ஐயுறலாம். அன்று. அங்கு ஆராயப்படுவது அவன் நேர்மை கோணாதிருத்தல், செய்யும் முறையன்று. பள்ளி நூலகத்தை ஓர் இளம் ஆசிரியரிடம் ஒப்படைத்தபின், நூல்கள் மாணவர் கைக்குப் போகின்றனவா என்று தலைமையாசிரியர் பார்ப்பது கடமை. எந்த நூலை எந்த அடுக்கில் வைத்தீர் என்று காலைதோறும் கேட்பது, கொடுத்த பொறுப்பைத் திரும்பப் பிடுங்குவதாகும். தெளிந்தவனை ஐயுறுதல் தீராத் துன்பம் தரும் என்று 51ஆம் அதிகாரம் முன்னரே கூறிவிட்டது.

எனினும் ஒரு குறை உண்டு. இவ்வதிகாரம் முழுவதும் வேலையைக் கொடுப்பவனை நோக்கியே பேசுகிறது. செய்பவனின் உள்ளத்தை அறிய 60ஆம் அதிகாரமாகிய ஊக்கமுடைமைக்கும், 62ஆம் அதிகாரமாகிய ஆள்வினையுடைமைக்கும் செல்ல வேண்டும். அங்கோ தலைவனைக் காணோம். இரு புறத்தையும் ஓரிடத்தே வைத்துக் காண்பதில் இக்கால ஆய்வே முந்தி நிற்கிறது.