'பிறவி': காத்திருப்பவரும் தெரிந்தவளும்

ஷாஜி என். கருணின் முதல் படமான 'பிறவி' (1988) பற்றி எழுதுகிறவர்கள் பிரேம்ஜியில்தான் ஆரம்பிப்பார்கள். நியாயம்தான். வீட்டுக்கு வரவேண்டிய மகன் ரகு வரவில்லை; வயதான ராகவ சாக்கியார் பஸ் வரும் இடத்துக்குப் போய்ப் போய்க் காத்திருக்கிறார். அந்த நடிப்புக்குத் தேசிய விருது கிடைத்தது. ஆனால் இரண்டாம் முறை பார்த்தபோது என் கண் மகள் மாலதி மேலேயே இருந்தது. (நம்ம 'வீடு' அர்ச்சனாதான்.)

காரணம், இடையில் ஈச்சரவாரியரின் நினைவுக் குறிப்புகளைப் படித்திருந்தேன்.

இந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பதாகப் பரவலாகச் சொல்லப்படுவது அவர் மகன் ராஜனின் கதை. கோழிக்கோடு மண்டலப் பொறியியல் கல்லூரி மாணவர். நெருக்கடி நிலையின்போது, 1976 மார்ச் 1 அன்று போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. கக்கயம் முகாமில் சித்திரவதை. உடல் கிடைக்கவே இல்லை. 1977-இல் அப்பா போட்ட ஆட்கொணர்வு மனுவின் விளைவாக, பதவியேற்றுச் சுமார் ஒரு மாதத்திலேயே முதலமைச்சர் கருணாகரன் விலக நேர்ந்தது.

அந்தப் புத்தகத்தில் கடைசியில் வரும் மழையைத்தான் எல்லோரும் எடுத்துச் சொல்வார்கள். என்னை உலுக்கியது வேறு. ராஜனின் அம்மாவுக்கு மனநிலை பாதித்துவிட்டது. மகன் வருவான் என்றே இருந்தார். கணவர் உண்மையைச் சொல்லவில்லை. 2000-இல் அந்த அம்மா இறக்கும்வரை சொல்லவில்லை. வெளியே, மகனுக்கு என்ன ஆச்சு என்று அரசாங்கத்தை ஒத்துக்கொள்ள வைக்க கோர்ட்டுக்கு அலைந்த மனுஷன். வீட்டுக்குள், அந்தப் பதிலையே வாய்க்குள் வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல்.

இப்போது படத்துக்கு வருவோம். நகரத்துக்குப் போய் விசாரித்து, ரகு திரும்பமாட்டான் என்று தெரிந்துகொள்பவள் மாலதி. அப்பாவிடம் சொல்ல முடியாமல் சுமப்பவளும் அவள்தான். அதாவது ஈச்சரவாரியர் நிஜத்தில் நின்ற இடம் மாலதியின் இடம். சாக்கியார் இருப்பதோ ராஜனின் அம்மா இருந்த இடம்.

இந்த மாற்றத்தில் படம் எதை இழந்தது? வழக்காடுகிற அப்பாவை. சாக்கியார் அமைச்சரின் வார்த்தையை நம்புகிற அப்பாவி. அவருக்காக அழுவது நமக்குச் சுலபம். மகனைத் தேடிக்கொண்டே மனைவியை ஏமாற்றவும் வேண்டியிருந்த ஒருவருக்காக அழுவது அவ்வளவு சுலபமில்லை. மழையும் ஆறும் அழகு, கொஞ்சம் கூடுதல் அழகு என்றே சொல்வேன். அந்த அழகெல்லாம் காத்திருப்பவருக்கே போய்விடுகிறது. தெரிந்துகொண்டவளுக்கு ஷாஜி மிச்சம் வைத்தது மௌனம்தான். அர்ச்சனா அதை வைத்தே சமாளிக்கிறார்.

இனிமேல் பார்க்கிறவர்கள், மாலதி ஊர் திரும்பிய பிறகு வரும் காட்சிகளில் அப்பாவை விட்டுவிட்டு அவளை மட்டும் பாருங்கள். எனக்கு அது வேறு படமாகத் தெரிந்தது.