நாற்காலியைத் தள்ளிவிட்ட பிறகு

ராபர்ட் ராண்டால்ஃப் பேரை எடுத்தாலே ஸ்டீல் கிதார் ரசிகர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஆளு நல்லா ஆடுறார், கூட்டத்தைக் கிளப்புறார், ஆனா வாசிப்பு எங்கே என்று ஒரு கட்சி கேட்கும். ஒரே ஸ்வரக்கூட்டில் பத்து நிமிஷம் நிற்கிறார், மேல் ஸ்தாயிக்குப் போய் அலறுகிறார், நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு எழுந்து ஆடுகிறார், இதுக்குப் பேரு வித்தையா என்பது இவர்கள் கேள்வி. ஐம்பது வருஷமாகக் கிராமியப் பாட்டுக்காரர்களின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த கருவியை மேடையின் நடுவுக்குக் கொண்டுவந்தவர் இவர்தானே என்று மறுகட்சி பதில் சொல்லும். 2003-இல் ரோலிங் ஸ்டோன் பத்திரிகை போட்ட நூறு கிதார் கலைஞர்கள் பட்டியலில் இவருக்கு 97-ஆவது இடம். இரண்டு கட்சிக்குமே அதில் திருப்தி இருந்திருக்காது.

ரெண்டு பேருமே ஒரு விஷயத்தில் ஒத்துப்போகிறார்கள் என்பதுதான் எனக்கு உறுத்தல். திறமை ஒரு பக்கம், வேடிக்கை காட்டுவது இன்னொரு பக்கம், ஒன்று ஏறினால் மற்றது இறங்கும், தராசு மாதிரி. ராண்டால்ஃப் வந்த இடத்தில் அப்படி ஒரு தராசே கிடையாது.

முதலில் கருவியைப் பற்றிக் கொஞ்சம். பெடல் ஸ்டீல் என்பது கால் வைத்த சின்ன மேஜை மாதிரி இருக்கும். தந்தியை விரலால் அழுத்துவதில்லை. இடது கையில் ஓர் எஃகு உருளை, அதைத் தந்திகள் மேல் வழுக்கவிட வேண்டும். நம் கோட்டுவாத்தியத்தில் உருளையை ஓட்டுவது போலத்தான். வித்தியாசம் கீழே இருக்கிறது. இடது கால் பெடல்களை மிதிக்கும், வலது கால் ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும், இரண்டு முழங்காலும் நெம்புகோல்களைத் தள்ளும். பெடலை மிதித்தால் குறிப்பிட்ட ஒன்றிரண்டு தந்திகளின் சுருதி மட்டும் ஏறும், மற்றவை அப்படியே நிற்கும். மூன்று பேர் சேர்ந்து பாடும்போது ஒருவர் குரல் மட்டும் மெல்ல நழுவிப்போய் வேறு ஸ்வரத்தில் உட்காருகிற மாதிரி. தந்தி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதிக்கும் இந்த வித்தையைப் பட் ஐசக்ஸ் 1954-இல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாட்டில் காட்டினார். அதன்பிறகு நாஷ்வில்லில் பெடல் இல்லாத ஸ்டீலுக்கு மவுசு குறைந்துபோனது. பட்டி எம்மன்ஸ் போன்றவர்கள் இந்தக் கருவியில் ஜாஸ் வரைக்கும் போனார்கள். எல்லாம் உட்கார்ந்தபடிதான். வேறு வழியில்லை: இரண்டு காலுக்கும் இரண்டு முழங்காலுக்கும் வேலை இருக்கும்போது எப்படி எழுந்து நிற்பது?

இந்த அளவுகோலை எடுத்துக்கொண்டு ராண்டால்ஃபிடம் போனால் அவர் தோற்றுப்போவார்தான். ஆனால் அவர் கற்றுக்கொண்ட இடம் நாஷ்வில் இல்லை.

நியூ ஜெர்சியில் ஆரஞ்ச் என்ற ஊர். அங்கே ஹவுஸ் ஆஃப் காட் என்ற கறுப்பினப் பெந்தெகொஸ்தே சபை. அம்மா ஊழியம் செய்பவர், அப்பா டீக்கன். இந்தச் சபைகளில் ஆர்கனுக்குப் பதிலாக ஸ்டீல் கிதார்தான் முதன்மைக் கருவி. 1930-களில் பிலடெல்ஃபியாவில் ட்ரோமன் ஈசன் என்பவர் ஒரு ஹவாய்க் கலைஞரிடம் ஸ்டீல் கற்றுக்கொண்டு சபைக்குள் கொண்டுவந்தார். அவர் தம்பி வில்லி ஈசன் அதை வேறொன்றாக மாற்றினார். ஹவாய்ப் பாணியின் இனிப்பான கூட்டொலியை விட்டுவிட்டு ஒற்றைத் தந்தியில் மனிதக் குரல் மாதிரி இழுக்க ஆரம்பித்தார். பாடகர் ஒரு வரி பாடுவார், மீதியைக் கிதார் சொல்லி முடிக்கும். 'லிட்டில் வில்லியும் அவருடைய பேசும் கிதாரும்' என்றுதான் அவருக்கு விளம்பரமே. தெருமுனைகளில் வாசித்துச் சம்பாதித்தவர் அவர். வேடிக்கை காட்டாமல் தெருவில் கூட்டம் சேருமா?

இப்படி அறுபது வருஷம் ஒரு தனிப் பாரம்பரியம் வளர்ந்தது. வெளியே அநேகமாக யாருக்கும் தெரியாது. ராபர்ட் ஸ்டோன் என்ற ஃப்ளோரிடா நாட்டாரியல் ஆய்வாளர் பதிவுசெய்ததை ஆர்ஹூலி நிறுவனம் 1997-இல் 'சேக்ரட் ஸ்டீல்' என்ற தொகுப்பாக வெளியிட்ட பிறகுதான் வெளி உலகம் திரும்பிப் பார்த்தது. கால்வின் குக், டெட் பியர்ட், சக் கேம்ப்பெல் எல்லாம் அந்தப் பாரம்பரியத்தின் பெரிய கைகள். ராண்டால்ஃப் அவர்களைப் பார்த்து வளர்ந்த பையன்.

ஆராதனையில் ஸ்டீல் வாசிப்பவருக்கு என்ன வேலை? போதகர் பேசும்போது அவர் குரலுக்கு அடியில் மெல்லிசாகப் போக வேண்டும். குரல் ஏறும்போது கூட ஏற வேண்டும். சபையில் யாராவது ஒருவர் எழுந்து ஆட ஆரம்பித்தால் அந்தக் கணத்தைப் பிடித்து வேகத்தைக் கூட்ட வேண்டும். அங்கேதான் ஒரே ஸ்வரக்கூட்டில் நிற்கும் அந்த வேக வாசிப்பு வருகிறது. யோசிச்சுப் பாருங்க: ஸ்வரக்கூடு மாறினால் அது எங்கோ போய்த் திரும்பி வரும், ஒரு சுற்று முடிந்தது என்று காதுக்குத் தெரிந்துவிடும். ஆடுகிறவர் எப்போது முடிப்பார் என்று யாருக்கும் தெரியாது. அதனால் சுற்றே இல்லாத இசை வேண்டும், எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம், எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நீட்டலாம். பத்து நிமிஷம் ஒரே இடத்தில் நிற்கிறார் என்று குறை சொல்கிறார்களே, அது வேறெதுவும் தெரியாததால் நிற்பது இல்லை. எதிரே இருக்கும் முந்நூறு பேரின் முகத்தைப் படித்துக்கொண்டே நிற்பது. எப்போது ஒரு படி மேலே ஏற்றுவது, எப்போது பிடித்து வைப்பது, இதுதான் அங்கே வித்தை. அதைத் தலையைக் குனிந்து பெடலைப் பார்த்துக்கொண்டு செய்ய முடியாது.

அந்த நாற்காலிக்கு வருவோம். அவர் அதைத் தள்ளிவிட்டு எழுந்து நிற்கும்போது கருவிக்கு என்ன ஆகிறது என்பதை இரண்டு கட்சியும் பேசி நான் பார்த்ததில்லை. எழுந்தால் முழங்கால் நெம்புகோல்கள் எட்டாது. ஒரு காலைப் பெடலில் வைக்கலாம், அதுவும் ஆடிக்கொண்டே எவ்வளவு நேரம்? ஆக, பதின்மூன்று தந்தி வைத்த அந்தச் சிக்கலான இயந்திரத்தில் பாதியை அவரே கழற்றிப் போட்டுவிடுகிறார். மிச்சம் இருப்பது உருளையும் தந்தியும் மட்டும். அதாவது வில்லி ஈசனின் கருவி. எழுந்து நின்ற பிறகு அவர் வாசிப்பதைக் கண்ணை மூடிக் கேளுங்கள். பெரும்பாலும் ஒற்றைத் தந்தி, குரல் போன்ற இழுப்பு, உருளையின் நடுக்கம். எண்பது வருஷத்துக்கு முந்தைய வாசிப்பு அது. நாஷ்வில் கட்சி அதைத் திறமையைக் கைவிட்ட தருணம் என்கிறது. எனக்கு அது தாத்தா வீட்டுக்குத் திரும்பிப் போவது போலத்தான் கேட்கிறது.

இதனால் அவர்மேல் எனக்குப் புகாரே இல்லை என்று அர்த்தமில்லை. இருக்கிறது, வேற இடத்துல.

2001 ஆகஸ்டில் நியூயார்க்கின் வெட்லேண்ட்ஸ் கிளப்பில் பதிவான 'லைவ் அட் த வெட்லேண்ட்ஸ்' அவருடைய ஃபேமிலி பேண்டின் முதல் தொகுப்பு. டிரம்ஸில் மார்கஸ் ராண்டால்ஃப், பேஸில் டேனியல் மார்கன், இருவரும் ஒன்றுவிட்ட சகோதரர்கள். 'டெட்ஸ் ஜாம்' கேட்டுப் பாருங்கள், 'த மார்ச்' கேட்டுப் பாருங்கள். சபையில் காணிக்கை போடக் கூட்டம் வரிசையாக நடக்கும்போது வாசிக்கிற நடை இசை அந்த இரண்டாவது. கிளப்பில் பியர் கோப்பையோடு நிற்பவர்களுக்கு அதெல்லாம் தெரியாது. தெரியாமலே நடக்க ஆரம்பிக்கிறார்கள். அடுத்து என்ன வரும் என்று வாசிப்பவருக்கும் தெரியவில்லை, கேட்பவருக்கும் தெரியவில்லை. அந்தப் பதற்றம் பதிவில் அப்படியே இருக்கிறது.

பிறகு பெரிய மேடைகள் வந்தன. 2004-இல் எரிக் கிளாப்டனின் சுற்றுப்பயணத்தில் முன்னிசை. திருவிழாக்கள். அங்கே வருகிறவர்களுக்கு நாற்காலி விழும் என்று முன்னமே தெரியும், அதுக்குத்தான் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். 'ஷேக் யுவர் ஹிப்ஸ்' வந்தால் பெண்களை மேடைக்கு அழைப்பார், வாத்தியக்காரர்கள் கருவியை மாற்றிக்கொள்வார்கள், எல்லாம் தெரிந்த கதை. சபையில் எழுந்து ஆடுவது ஒரு பதில். யாரோ ஒருவருக்குள் நடந்ததற்கு வாசிப்பவர் கொடுக்கும் பதில். மேடையில் நான் பார்த்த பிற்காலப் பதிவுகளில் பல நேரம் அது பதிலாக இல்லை, கேள்விக்கு முன்னாலேயே வந்துவிடும் விடை. வேடிக்கை கூடிப்போச்சு என்பதல்ல என் புகார். வேடிக்கை எதையும் கவனிக்கவில்லை என்பதுதான்.

ஸ்டுடியோ தொகுப்புகளிலோ இன்னும் மோசம், அங்கே ரெண்டும் இல்லை. 2006-இல் வந்த 'கலர்ப்ளைண்ட்' தொகுப்பில் கிளாப்டன் வருகிறார், டேவ் மேத்யூஸ் வருகிறார், ஸ்டீல் கிதார் எங்கேயோ விருந்தாளி மாதிரி ஓரமாக நிற்கிறது. நல்ல ஃபங்க் பாட்டுகள், சரி. இவர் இல்லாமலும் செய்திருக்கலாம். டி-போன் பர்னெட் தயாரித்த 'வீ வாக் திஸ் ரோட்' (2010) பழைய பதிவுத் துணுக்குகளைப் பாட்டுகளுக்கு இடையே வைத்து வரலாற்றைக் காட்டப் பார்த்தது. மரியாதையான முயற்சி. ஆனால் மரியாதைக்கும் இந்த இசைக்கும் பொருத்தமில்லை, எல்லாம் ரொம்ப ஒழுங்காக உட்கார்ந்திருக்கிறது.

திறமை இருக்கிறதா என்று சந்தேகம் உள்ளவர்களுக்கு நான் கொடுப்பது 'த வேர்ட்' (2001). ஜான் மெடெஸ்கியின் ஆர்கன், நார்த் மிஸிஸிப்பி ஆல்ஸ்டார்ஸ், இவர். பாடகர் கிடையாது. பழைய சபைப் பாடல்களைப் பாட வேண்டிய பொறுப்பு ஸ்டீலின் தலையில் விழுகிறது. எழுந்து ஆடினாலும் ஒலித்தட்டில் தெரியப்போவதில்லை. 'ஐ'ல் ஃப்ளை அவே' எத்தனையோ பேர் பாடிய பாட்டு. இங்கே ஒவ்வொரு அடியின் கடைசியிலும் ஸ்வரத்தை நேராகப் போய்த் தொடாமல் கொஞ்சம் கீழிருந்து தயங்கி ஏறுகிறார். ஒரு பாட்டியம்மா சபையில் பாடுவது போல இருக்கிறது. விரல் வேகத்தை அளந்தால் இது கணக்கிலேயே வராது.

வீட்டுக்குள்ளும் வழக்கு உண்டு என்பதைச் சொல்லாமல் விடக்கூடாது. சபைப் பெரியவர்கள் பலருக்கு இந்த இசை மதுக்கடைக்குப் போனதே பிடிக்கவில்லை. அவர்களுடைய குறை நாஷ்வில் குறைக்கு நேர் எதிர். வித்தை போதாது என்று அவர்கள் சொல்லவில்லை, யாருக்காக வாசிக்கிறாய் என்று கேட்டார்கள். இந்த மூன்று தரப்பில் இவர்கள் கேள்விதான் எனக்குக் கனமாகப் படுகிறது. கிளப்பும் ஆராதனைதான் என்று ரசிகர்கள் சொல்லும் சமாதானம் எனக்கு ஒத்துவரவில்லை. ஆராதனையில் வாசிப்பவர் முக்கியமில்லை, கிளப்பில் அவர் பேர்தான் வாசலில் எழுதியிருக்கிறது.

2024-இல் பியான்ஸேயின் 'கௌபாய் கார்ட்டர்' வந்தது. அதில் '16 கேரேஜஸ்' பாட்டில் பெடல் ஸ்டீல் வாசித்திருப்பவர் ராண்டால்ஃப். பாட்டுக்காரிக்குப் பின்னால், வரிகளுக்கு இடையே, நாஷ்வில் பெரியவர்கள் காலமெல்லாம் உட்கார்ந்த அதே இடத்தில். நாற்காலி நிச்சயமாக நிமிர்ந்துதான் இருந்திருக்கும். ஆனால் அவள் ஒரு வரியை விடும் இடத்தில் அந்த ஸ்டீல் எழுந்து வருவதைக் கேட்டால் கிராமியப் பாட்டின் அழுகை மாதிரித் தெரியவில்லை. அவள் சொன்னதை வாங்கி மீதியைச் சொல்லி முடிக்கிறது.