பேசுவது யார்?

வட ஸூடானில் பெண்களைப் பிடிக்கும் ஆவிக்கு ‘ஸார்’ என்று பெயர். பெரும்பாலும் மணமானவர்களைத்தான் பிடிக்கும். அதை ஓட்டிவிட முடியாது. ஆயுள் முழுவதும் சமாதானமாகத்தான் போகவேண்டும். சிவப்புத் துணி, தங்கம், வாசனைத் திரவியம் என்று ஆவி கேட்கும். மனைவி கேட்டால் தராத புருஷன் ஆவி கேட்டால் தருகிறான். ஜின்கள் உண்டென்று குர்ஆனே சொல்வதால் அவனால் முற்றாக மறுக்கவும் முடிவதில்லை.

ஐ. எம். லூயிஸ் 1971இல் வெளியிட்ட நூலில் இதை அதிகாரமற்றவர்களின் மறைமுக எதிர்ப்பு என்றார். கூர்மையான பார்வைதான், ஆனால் கணக்குப்பிள்ளையின் கூர்மை. கிடைத்ததை எண்ணி முடித்ததும் விஷயமும் முடிந்துவிடுகிறது.

1989இல் வந்த ஜானிஸ் பாடியின் நூல் ஆவிகளையே கவனிக்கிறது. எத்தியோப்பியர், பாஷாக்கள், வெள்ளைக்காரர் என்று எல்லாம் அந்நியர். அவர் 1970களில் கண்ட கிராமத்தில், சிறுவயதில் உறுப்பு அறுத்துத் தைக்கப்பட்டு, பிள்ளைப்பேறே தன் மதிப்பென்று வளர்ந்த பெண், மேளம் ஒலிக்கையில் வேறொரு நாட்டாளாகிறாள். திரும்பி வரும்போது, தன் வீட்டின் ஒழுங்கு உலகின் ஒரே ஒழுங்கல்ல என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. லாபம் துணியில் இல்லை, இந்த விலகலில் இருக்கிறது.

இதை ஏற்கிறேன். ஆனால் சுதந்திரம் என்று பெயர் சூட்டத் தயக்கமாக இருக்கிறது. ‘அது கேட்கிறது’ என்றுதான் அவள் சொல்ல முடிகிறது. ‘நான் கேட்கிறேன்’ என்றல்ல. மொராக்கோ தர்காக்களைப் பற்றி 1977இல் எழுதிய பாத்திமா மெர்னிஸ்ஸிக்கும் இந்தச் சந்தேகம் இருந்தது: பெண்கள் கூடி அழவும் பேசவும் அங்கே இடம் கிடைக்கிறது, அமைப்பை மாற்றியிருக்கக்கூடிய சக்தியும் அங்கேயே செலவாகிவிடுகிறது.

அப்படியானால் இது வெறும் வடிகால்தானா? 1989இல் ஆட்சியைக் கைப்பற்றிய இஸ்லாமியவாத அரசு ஸார் சடங்குகளை ஒடுக்க முற்பட்டது. வெறும் வடிகாலை யாரும் அடைக்கப் புறப்படுவதில்லை. பெண்கள் தாமாகக் கூடுவதும், ஒரு பெண்ணே தலைமை தாங்குவதும் அதிகாரத்தை உறுத்தியிருக்கின்றன.

‘கவிதை தானாக வந்து இறங்கியது’ என்று சொல்லிக்கொள்கிற கவிஞர்கள் நம்மிடையே உண்டு. ‘நான் எழுதினேன்’ என்று சொல்ல அவர்களுக்கு ஒரு தடையும் இல்லை. பெருமைக்காக ‘நானை’ ஒளிக்கிறார்கள். அவளோ பேசுவதற்காக ஒளிக்கிறாள். இரண்டையும் பரவசம் என்ற ஒரே சொல்லில் அடக்குகிற விமர்சனம் யாருடைய குரலையும் கேட்டதாகாது.