சிறைக் காவலருக்கு மூன்று நாள் கெடு

1627 நவம்பரில் லண்டன் அரச நீதிமன்றத்தில், சிறையில் இருப்பவரை நீதிபதி முன் நிறுத்திக் காரணம் சொல்லக் கோரும் ஓர் ஆட்கொணர்வு வழக்கு விசாரணைக்கு வந்தது. போர்ச் செலவுக்குப் பணமில்லாமல் தவித்த மன்னர் முதலாம் சார்லஸ், நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி வசதி படைத்தவர்களிடம் கட்டாயக் கடன் கேட்டிருந்தார். தர மறுத்தவர்களில் தாமஸ் டார்னல் உள்ளிட்ட ஐந்து பேர் குற்றச்சாட்டு எதுவுமின்றிச் சிறையில் கிடந்தார்கள். ஏன் அடைத்து வைத்திருக்கிறீர்கள் என்று நீதிமன்றம் கேட்டதற்குச் சிறைத் தரப்பு தந்த பதில்: மன்னரின் தனிக்கட்டளை. வேறு காரணம் சொல்லப்படவில்லை. நீதிபதிகளுக்கு அதுவே போதுமானதாக இருந்தது. வழக்கை நடத்தியவர்களுக்கு ஜாமீன் கிடைக்கவில்லை.

அவர்கள் தரப்பில் வாதாடிய ஜான் செல்டன், 412 ஆண்டு பழைய ஓர் ஆவணத்தை எடுத்து வைத்தார். 1215 ஜூன் மாதம் தேம்ஸ் கரையில் ரன்னிமீட் புல்வெளியில் ஜான் மன்னர் முத்திரையிட்ட மாக்னா கார்ட்டா அது. நாட்டின் சட்டப்படியன்றி எந்தச் சுதந்திர மனிதனையும் சிறைப்பிடிக்கக் கூடாது என்கிறது அதன் 39ஆவது பிரிவு. இன்று உலகம் கொண்டாடும் பிரிவு இதுதான். ஆனால் அன்றைய இங்கிலாந்தின் உழவர்களில் பெரும்பகுதியினர் பண்ணையடிமைகள். 'சுதந்திர மனிதன்' என்ற வரம்புக்குள் அவர்கள் வரவில்லை. மன்னர் வாக்குத் தவறினால் என்ன செய்வது? 25 பிரபுக்கள் கூடி அவருடைய கோட்டைகளையும் நிலங்களையும் கைப்பற்றலாம் என்றது 61ஆவது பிரிவு. அதாவது, உரிமையைக் காக்க இருந்த ஒரே வழி உள்நாட்டுப் போர். ஆகஸ்டிலேயே போப் மூன்றாம் இன்னசென்ட் சாசனம் செல்லாது என்று அறிவிக்க, போரும் மூண்டது. ஜான் இறந்த பிறகு 1216, 1217, 1225 ஆண்டுகளில் சாசனம் திருத்தி வெளியிடப்பட்டபோது அந்த 61ஆவது பிரிவு இடம்பெறவில்லை. உரிமை ஏட்டில் நின்றது. அதை நிறைவேற்றித் தரும் கை மட்டும் இல்லை.

அந்தக் கையைத் தேடியதுதான் 17ஆம் நூற்றாண்டின் கதை. ஐவர் வழக்கின் கசப்பிலிருந்து 1628இல் உரிமை மனு பிறந்தது. முதிய சட்ட அறிஞர் எட்வர்ட் கோக் அதற்கு முன்னின்றார். சார்லஸ் அதை ஏற்றுக்கொண்டார். மறு ஆண்டே நாடாளுமன்றத்தைக் கலைத்துவிட்டு 11 ஆண்டுகள் தனியாட்சி நடத்தினார். பின்னர் போர் வந்தது, 1649இல் மன்னரின் தலை விழுந்தது, 1660இல் முடியாட்சி திரும்பியது. திரும்பிய ஆட்சியிலும் காரணமின்றிச் சிறையில் அடைக்கும் பழக்கம் போகவில்லை. ஆட்கொணர்வு ஆணை எட்டாத கடல் கடந்த தீவுகளுக்குக் கைதிகளை அனுப்பினார் என்பது அமைச்சர் கிளாரண்டன் மீது 1667இல் சுமத்தப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று. 1676இல் பிரான்சிஸ் ஜென்க்ஸ் என்ற வணிகர், புதிய நாடாளுமன்றம் வேண்டும் என்று பேசியதற்காகக் கைதானார். நீதிமன்றம் விடுமுறையில் இருக்கிறது என்ற காரணமும் அவருடைய விடுதலையைத் தள்ளிப்போட்டது.

1679ஆம் ஆண்டின் ஆட்கொணர்வுச் சட்டத்தைப் படிக்கும்போது, இப்படிப்பட்ட ஒவ்வொரு தந்திரத்துக்கும் ஒரு பூட்டு போட்டிருப்பது தெரிகிறது. சிறை 20 மைலுக்குள் இருந்தால் 3 நாளில் கைதியை நீதிபதி முன் நிறுத்த வேண்டும். 100 மைல் வரை 10 நாள். அதற்கும் அப்பால் 20 நாள். தவறும் சிறைக் காவலருக்கு முதல் முறை 100 பவுண்டு, மறுமுறை 200 பவுண்டு அபராதம். அந்தப் பணம் கைதிக்குப் போகும். இரண்டாம் முறையோடு வேலையும் போகும். விடுமுறைக் காலத்தில் ஆணை தர மறுக்கும் நீதிபதிக்கு 500 பவுண்டு. கைதியைக் கடல் கடந்து அனுப்பவும் தடை. சுதந்திரத்தைப் புகழ்ந்து பேசும் அலங்காரம் இந்தச் சட்டத்தில் கிடையாது. அதன் பலமே அதுதான். நீதிபதிகள் எக்கச்சக்கமான ஜாமீன் தொகை கேட்டு இதையும் மீறத் தொடங்கியபோது, மிகையான ஜாமீன் கூடாது என்று 1689ஆம் ஆண்டின் உரிமைகள் சாசனம் சேர்த்தது.

இந்தியாவை ஆண்ட ஆங்கிலேயர் இங்கே எதிர்த்திசையில் போனார்கள். வங்காளத்தில் 1818ஆம் ஆண்டின் மூன்றாம் ஒழுங்குவிதி, விசாரணையின்றிக் காவலில் வைக்க அதிகாரம் தந்தது. மறு ஆண்டே சென்னை மாகாணமும் அப்படியொரு விதியை இயற்றிக்கொண்டது. 1907இல் லாலா லஜபதி ராய் மாண்டலேக்கு நாடு கடத்தப்பட்டது வங்க விதியின்படிதான்.

குடியரசு பிறந்த ஒரு மாதத்துக்கெல்லாம், 1950 பிப்ரவரியில், தடுப்புக் காவல் சட்டம் வந்தது. சென்னை மாகாணச் சிறையில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன் உச்ச நீதிமன்றம் சென்றார். அச்சட்டத்தின் 14ஆவது பிரிவு, காவலுக்கான காரணத்தை நீதிமன்றத்திடம் சொல்வதையே தடை செய்திருந்தது. முதலாம் சார்லஸின் சிறையிலிருந்து வந்த அதே பதில், இந்த முறை சட்டத்தின் உருவில்! அந்தப் பிரிவை நீதிபதிகள் நீக்கினார்கள். மற்றவை செல்லும் என்றார்கள். கோபாலனுக்கு விடுதலை கிடைக்கவில்லை.

நெருக்கடி நிலையின்போது 1976 ஏப்ரலில் அதே நீதிமன்றம் இன்னும் கீழே இறங்கியது. காவலில் வைக்கப்பட்டவர் ஆட்கொணர்வு கோரவே முடியாது என்று நால்வர் தீர்ப்பளிக்க, எச்.ஆர். கன்னா ஒருவரே மறுத்து எழுதினார். மூப்புப்படி வந்திருக்க வேண்டிய தலைமை நீதிபதி பதவி மறு ஆண்டு அவருக்கு மறுக்கப்பட்டது, அவர் விலகினார். உயிருக்கும் தனிமனித விடுதலைக்குமான 21ஆவது பிரிவை நெருக்கடி நிலையிலும் முடக்க முடியாது என்று 44ஆவது திருத்தம் 1978இல் உறுதி செய்தது. 1976ஆம் ஆண்டுத் தீர்ப்பை உச்ச நீதிமன்றமே 2017இல் தவறு என்று தள்ளியது.

தடுப்புக் காவல் மட்டும் அரசமைப்பின் 22ஆவது பிரிவிலேயே அனுமதி பெற்று நிற்கிறது. தமிழ்நாட்டின் 1982ஆம் ஆண்டுக் குண்டர் சட்டம் ஒருவரை விசாரணையின்றி ஓராண்டு வரை அடைத்து வைக்க இடம் தருகிறது. அதற்கெதிரான ஆட்கொணர்வு மனுக்கள் சென்னை உயர் நீதிமன்றத்திலும் அதன் மதுரைக் கிளையிலும் ஓயாமல் வருகின்றன. கைதியின் முறையீட்டைப் பரிசீலிப்பதில் தாமதம், கொடுத்த நகல்களைப் படிக்க முடியவில்லை என்பன போன்ற காரணங்களுக்காகவே பல காவல் ஆணைகள் ரத்தாகின்றன. இவற்றைச் சட்டத்தின் ஓட்டைகள் என்று குறைபட்டுக்கொள்வோர் உண்டு. காரணத்தைப் படிக்கத்தக்க எழுத்தில் கேட்பதற்குத்தான் செல்டன் 1627இல் நீதிமன்றத்தில் எழுந்து நின்றார்.