சான்று சொன்ன எழுத்து

பாண்டியன் அவையில் கண்ணகியை வெல்லச் செய்தது கண்ணீர் அன்று, சான்று. கணவனை இழந்த பெண்ணொருத்தி தலைவிரி கோலமாக வந்து நின்றாள் என்பதற்காக எந்த அரசும் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்வதில்லை. கோப்பெருந்தேவியின் சிலம்பில் இருந்த பரல் முத்து. கண்ணகியின் சிலம்பில் இருந்ததோ மாணிக்கம். சிலம்பு உடைந்து மாணிக்கம் தெறித்த பிறகே அரசன் தன் பிழையை உணர்ந்தான். வழக்குரை காதையை அவலச் சுவைக்காகவே படித்தும் மேடைகளில் பேசியும் பழகிவிட்ட நாம், அதனுள் அமைந்த எழுத்திலக்கணம் ஒன்றைப் பெரும்பாலும் கவனிப்பதில்லை. ஆட்சியாளரைக் கேள்வி கேட்க வருவோர், குரலை உயர்த்தும் முன் கையில் சான்றை வைத்திருத்தல் வேண்டும் என்பதே அவ்விலக்கணம்.

இதற்கு ஏற்ற இலக்கியம் நாம் வாழும் வங்க மண்ணிலேயே உண்டு. பெஹாலாவில் குடியிருக்கும் நம்மவர், டயமண்டு ஹார்பர் சாலைக்கு இணையாகச் செல்லும் ஜேம்ஸ் லாங் சரணியில் நாள்தோறும் போய்வருகின்றோம். தாகுர்புகூரில் வங்கமொழிப் பள்ளி நடத்திய பாதிரியார் ஒருவரின் பெயர் அது. ஒரு நாடகத்தின் மொழிபெயர்ப்பை அச்சிட்டதற்காக அவர் சிறை சென்றார். நாடகத்தின் பெயர் 'நீல் தர்ப்பண்'. தர்ப்பணம் என்றதும் நம் நினைவுக்கு வருவன எள்ளும் நீரும். வங்கத்தார்க்கு அது முகம் பார்க்கும் கண்ணாடி. நீலம் என்பது இங்கே அவுரி. அந்நாடகத்தையும், அதற்கு முன்னோடியாக நின்ற 'ஹிந்து பேட்ரியட்' பத்திரிகையின் பணியையும், சான்று என்னும் அளவுகோலால் மதிப்பிட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அவுரியும் அரசும்

துணிக்கு நீலமேற்றும் சாயம் அவுரிச் செடியிலிருந்து எடுக்கப்பட்டது. ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் வங்கத்துக் குடியானவனுக்குச் சிறிதளவு முன்பணம் கொடுத்து ஒப்பந்தத்தில் கைந்நாட்டு வாங்குவர். நெல் விளையும் நல்ல நிலத்தில் அவன் அவுரி விதைத்தாக வேண்டும். விலையை முதலாளியே குறிப்பார். அது பயிரிட்ட செலவுக்கும் போதாது. முன்பணம் கடனாகி, தந்தையின் கடன் மகன் தலையில் ஏறும். மறுத்தவனைத் தோட்டத்துக் கிடங்கில் அடைத்து வைப்பதும், தடியடிக்காரரை ஏவுவதும் வழக்கமாயின.

1859ஆம் ஆண்டில் நதியா, ஜெசூர் முதலிய மாவட்டக் குடியானவர்கள் இனி அவுரி விதைப்பதில்லை என்று உறுதி பூண்டனர். அரசு செய்தது என்ன? ஒப்பந்தத்தை மீறிய குடியானவனைக் குற்றவாளியாக்கித் தண்டிக்க 1860இல் தற்காலிகச் சட்டம் ஒன்றை இயற்றிற்று. கடன் தகராறு, காவலர் வந்து கைது செய்யும் குற்றமாயிற்று. தோட்டக்காரரின் கொடுமை, இவ்வகையில் அரசின் கொடுமையும் ஆயிற்று. எனவே, தோட்டத்தைப் பற்றி எழுதியவர்கள் அரசைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டியிருந்தது.

ஒரு குமாஸ்தாவின் பத்திரிகை

அவ்வாறு எழுதியவர்களுள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் ஹரிச்சந்திர முகர்ஜி. மெய்ம்மைக்கு எடுத்துக்காட்டாக நம் தாய்மார் குழந்தைகளுக்குச் சொல்லும் அரசனின் பெயரே அவருக்கும் வாய்த்தது. பவானிபூரில் எளிய குடும்பத்தில் 1824இல் பிறந்தவர். இராணுவக் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் 25 ரூபாய்ச் சம்பளத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 400 ரூபாய் வரை உயர்ந்தார். பகலில் அரசின் கணக்கு. இரவில் அரசைக் கணக்குக் கேட்கும் எழுத்து. 1853இல் தொடங்கப்பட்ட 'ஹிந்து பேட்ரியட்' என்ற ஆங்கில வாரப் பத்திரிகை அவர் கைக்கு வந்த பிறகு, அதன் இழப்பையும் தம் சம்பளத்திலிருந்தே ஈடு செய்து வந்தார். மைய அரசு அலுவலகங்களில் பணிபுரியும் நம் போன்றோர்க்கு இது வியப்பளிக்கும். 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகளின்படி, முன் அனுமதியின்றிப் பத்திரிகை நடத்தும் ஊழியர் விளக்கக் கடிதம் எழுதிக் களைத்துப் போவார்.

ஹரிச்சந்திரர் கல்கத்தாவில் இருந்தவர். கொடுமை நடந்தது ஆற்றுக்கு அப்பால் உள்ள சிற்றூர்களில். இடைவெளியை நிரப்பியவர்கள் ஊர்தோறும் இருந்த இளைஞர்கள். எந்த ஊரில், எந்த நாளில், எவருடைய நிலத்தில், எந்த முதலாளியின் ஆட்கள் என்ன செய்தனர் என்று அவர்கள் கடிதம் எழுதினர். பின்னாளில் 1868இல் உடன்பிறந்தாருடன் 'அமிர்த பஜார் பத்திரிகா'வை நிறுவிய சிசிர்குமார் கோஷ் அத்தகைய இளைஞர்களுள் ஒருவர். குடியானவர்களும் பவானிபூர் வீட்டுக்கே வந்து குறை சொல்லினர். அவர்களுக்கு உணவிட்டு, மனு எழுதிக் கொடுப்பதும் அவர் பணியாயிற்று.

ஆகவே, 'ஹிந்து பேட்ரியட்' எழுத்தின் வலிமையை ஆங்கில நடையின் மிடுக்கில் மட்டும் தேடுதல் பொருந்தாது. மிடுக்கான ஆங்கிலம் எழுதியோர் அந்நாளில் பலர் இருந்தனர். அவர்களில் சிலர் தோட்டக்காரர் பக்கமே நின்றனர். பெயரறியாத சிற்றூர்க்காரன் ஒருவன் கண்டு சொன்ன செய்தியை, தலைநகரில் இருந்த ஒருவர் தம் பெயரால் தாங்கி நின்றார் என்பதிலேதான் அவ்வெழுத்தின் வலிமை இருந்தது.

பயன் விளையாமற் போகவில்லை. 1860இல் அரசு அவுரி விசாரணைக் குழுவை அமைத்தது. அக்குழு 134 பேரை விசாரித்தது. அவர்களில் 77 பேர் குடியானவர்கள். ஹரிச்சந்திரரும் சாட்சியம் அளித்தார். அதே ஆண்டில் வங்கத் துணை ஆளுநர் ஜான் பீட்டர் கிராண்ட் ஆற்று வழியே சென்றபோது, இரு கரையிலும் பல மைல் தொலைவுக்கு ஆணும் பெண்ணும் திரண்டு நின்று நீதி கேட்டனர். வருங்காலத்தில் விருப்பமில்லாத குடியானவனை அவுரி விதைக்க வற்புறுத்தலாகாது என்ற நிலை இதன் பின்னரே உருவாயிற்று.

நாடகத்தின் நிறையும் குறையும்

'நீல் தர்ப்பண்' 1860இல் டாக்காவில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்தது. எழுதியவர் தீனபந்து மித்ரர். அஞ்சல் துறை அதிகாரி. அஞ்சல் நிலையங்களைப் பார்வையிட ஊர் ஊராகச் சுற்றியவராதலின், செவிவழிச் செய்தியை நம்பி அவர் எழுத வேண்டியிருக்கவில்லை. கோலோக் பாசு என்ற நல்ல குடும்பத்துப் பெரியவர் பொய் வழக்கில் சிறைப்பட்டு, மானம் பொறாமல் தூக்கிட்டு இறக்கிறார். மகன் நவீன் மாதவன் தோட்டக்காரனால் தாக்குண்டு மடிகின்றான். தாய் சித்தம் கலங்கித் தன் மருமகளையே கொன்றுவிடுகின்றாள். குடியானவன் சாதுசரணின் மகள் கேத்ரமணி, கருவுற்ற நிலையில் தோட்டக்காரனின் வன்செயலுக்கு ஆளாகி உயிர் துறக்கின்றாள்.

நாடகமாகக் கொண்டு பார்க்குமிடத்துக் குறைகள் இல்லாமல் இல்லை. இறுதிக் காட்சிகளில் சாவின் மேல் சாவு வந்து குவிகின்றது. முதல் சாவுக்குக் கலங்கிய நெஞ்சம் நான்காவது சாவுக்கு மரத்துப் போகின்றது. பாசு குடும்பத்தார் பேசும் பேச்சு, வடசொல் மிகுந்து, ஏட்டிலிருந்து படிப்பது போல் உள்ளது. துயரத்தின் உச்சியிலும் அவர்கள் இலக்கணம் வழுவாமல் புலம்புகின்றனர். நம் பழைய மேடை நாடகங்களைக் கண்டோர்க்கு இக்குறை புதிதன்று.

ஆனால் தோராப் என்னும் முஸ்லிம் குடியானவன் வாய் திறந்ததும் மேடை உயிர் பெறுகின்றது. அவன் பேசுவது அவன் ஊர்ப் பேச்சு. அச்சமும் சினமும் ஏளனமும் அதில் கலந்தே வருகின்றன. பொய்ச்சாட்சி சொல்ல மறுப்பவன் அவன். நவீன் மாதவனைத் தாக்கிய தோட்டக்காரனின் மூக்கைக் கடித்து எறிபவனும் அவனே. ஆசிரியர் தம் கண்ணால் கண்டு காதால் கேட்டதை எழுதியவிடத்து நாடகம் ஓங்கி நிற்கின்றது; உயர்ந்தோர் இவ்வாறுதான் துயருறுவர் என்று எண்ணி எழுதியவிடத்துத் தாழ்கின்றது. செய்தியாளர்க்குரிய சான்றும் கலைஞர்க்குரிய உண்மையும் இங்கு ஒன்றாகிவிடுகின்றன. பங்கிம் சந்திரர் இதனை அமெரிக்காவில் அடிமை முறையைச் சாடிய 'அங்கிள் டாம்ஸ் கேபின்' நாவலோடு ஒப்பிட்டார். 1872 டிசம்பர் 7ஆம் நாள் கல்கத்தாவில் நேஷனல் தியேட்டர் கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்கு நாடகம் காட்டத் தொடங்கியபோது, முதலில் நடித்ததும் இதனையே.

ஆயிரம் ரூபாய்

நாடகத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பை ஜேம்ஸ் லாங் 1861இல் வெளியிட்டார். மொழிபெயர்த்தவர் மைக்கேல் மதுசூதன தத்தர் என்பது வழிவழி வந்த செய்தி. அதனை மறுப்பாரும் உளர். முதலில் அச்சிட்டவர்மீது வழக்கு வந்தது. பின்னர், பொறுப்பு தம்முடையது என்று லாங் முன்வந்தார். 1861 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி மார்டண்ட் வெல்ஸ் முன் விசாரணை நடந்தது.

இவ்வழக்கில் நம் கருத்துக்குரியது ஒன்று உண்டு. அவதூறு என்று குற்றம் சாட்டியவர்கள் தோட்டக்காரர் மட்டும் அல்லர். பணத்துக்காக இரு நாளிதழ் ஆசிரியர்கள் தோட்டக்காரரைப் புகழ்கின்றனர் என்ற கருத்து நாடகத்தின் முன்னுரையில் இருந்தது. அதற்காக 'இங்கிலிஷ்மேன்' இதழின் தரப்பும் வழக்காடியது. ஆட்சியைக் கேட்க வேண்டிய பத்திரிகை, கேட்டவரைத் தண்டிக்க வழிதேடிற்று. லாங்குக்கு ஒரு மாதச் சிறையும் 1,000 ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. மகாபாரதத்தை வங்க மொழியில் பெயர்ப்பித்த காளிபிரசன்ன சிங்கர் அத்தொகையை நீதிமன்றத்திலேயே கட்டினார். வங்கம் அதனை இன்றும் பெருமையோடு பேசுகின்றது.

பெருமைக்குரியதே. ஆனால் அதே ஆண்டு ஜூனில், ஓயாத உழைப்பால் நலிந்து, 37 வயதில் ஹரிச்சந்திரர் மறைந்தார். அவர் உயிரோடிருந்தபோது அவதூறு வழக்குத் தொடுத்த தோட்டக்காரர், மறைவுக்குப் பின்னும் விட்டாரில்லை. கைம்பெண்ணாகி நின்ற மனைவியார்மீது வழக்கு நீண்டது. சிறை செல்லும் பாதிரியாருக்கு நீதிமன்றத்தில் கைகொடுத்த சமூகம், இறந்துபோன எழுத்தரின் குடும்பத்தை அதே வேகத்தோடு தாங்கவில்லை. ஊர்களிலிருந்து கடிதம் எழுதியோரில் பலர் பெயரே நமக்குத் தெரியாது. இவ்வகை எழுத்தை மதிப்பிடும் திறனாய்வாளர், அதன் நடையை மட்டுமன்றி, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பதையும் எண்ணிப் பார்த்தல் கடமை.

நம் தமிழகத்திலும் ஓர் ஆயிரம் ரூபாய் உண்டு. 1987இல் 'ஆனந்த விகடன்' அட்டையில் வந்த நகைச்சுவைத் துணுக்குக்காக, உரிமை மீறல் என்று கூறி, ஆசிரியர் எஸ். பாலசுப்பிரமணியனுக்குச் சட்டமன்றம் மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. பரவலாக எழுந்த எதிர்ப்பால் சில நாட்களில் விடுதலை வந்தது. ஆயினும் அவர் நீதிமன்றம் சென்றார். 1994இல் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கமே தீர்ப்பளித்து, அடையாள இழப்பீடாக 1,000 ரூபாய் வழங்கச் செய்தது. அதே ஆண்டில் 'நக்கீரன்' தொடர்பான வழக்கில், அதிகாரிகளின் நற்பெயரைக் காக்கும் பொருட்டு ஒரு வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு உரிமையில்லை என்று உச்ச நீதிமன்றம் கூறியது. வங்கத்தில் அபராதமாக வாங்கிய தொகை, 133 ஆண்டுகளுக்குப் பின் தமிழகத்தில் இழப்பீடாகத் திரும்பியது எனலாம்.

எனினும் சிற்றூரில் இருந்து எழுதுவோர்க்கு ஆபத்து நீங்கிவிடவில்லை. சத்தீஸ்கரின் பிஜாப்பூரில் சாலைப் பணி முறைகேட்டை வெளிப்படுத்திய செய்தியாளர் முகேஷ் சந்திராகரின் உடல், 2025 ஜனவரியில் கழிவுநீர்த் தொட்டி ஒன்றுக்குள் கண்டெடுக்கப்பட்டது. தலைநகரத்து ஆசிரியருக்கு வழக்கறிஞர் உண்டு. ஊர்ச் செய்தியாளருக்கு ஊரார்தான் உண்டு.

நமக்குரிய பங்கு

இவற்றைப் புலம்பெயர்ந்து வாழும் நம் குடும்பங்கள் ஏன் எண்ண வேண்டும்? நாம் இங்கு வாடகைக்கு வந்தவர்கள், வங்க அரசைப் பற்றி நமக்கென்ன என்ற மனப்பான்மை நம்மிடையே உண்டு. திருச்சியில் பேருந்துக் கட்டணம் உயர்ந்ததை அன்று மாலையே அறிந்துகொள்ளும் நாம், நம் வார்டில் வடிகாலுக்கு ஒதுக்கிய தொகை என்னவாயிற்று என்று கேட்பதில்லை. வங்கம் பேசுகின்றோம், வங்கச் செய்தித்தாளை எத்தனை இல்லங்களில் வாங்குகின்றோம்?

2018 செப்டம்பர் 4ஆம் நாள் மாஜேர்ஹாட் பாலம் இடிந்தபோது, வங்கத்தார், பீகாரார், தமிழர் என்று அது வேறுபாடு பார்க்கவில்லை. மூவர் உயிரிழந்தனர். பெஹாலாவையும் நகரையும் இணைத்த வழி அறுந்து, 2020 டிசம்பரில் புதிய பாலம் திறக்கும் வரை அலுவலகம் செல்வோரும் மாணவரும் நோயாளரும் சுற்றிச் சென்று அல்லலுற்றனர். பொதுப்பணித் துறை பொறுப்பைத் தட்டிக் கழிக்க இயலாது என்று மாநில அரசே பின்னர் ஏற்றுக்கொண்டது. இடிந்த பிறகு எழுதுவது செய்தி. இடியும் முன், பாலத்தைக் கடைசியாக எவர் சோதித்தார், எந்த நாளில் சோதித்தார், அவர் எழுதிய குறிப்பு எந்த மேசையில் நின்றது என்று கேட்டு எழுதுவதே புலனாய்வு. அதற்குப் பெரிய அறிவாளி தேவையில்லை. ஹரிச்சந்திரருக்குக் கடிதம் எழுதிய இளைஞரைப் போல், ஊரில் இருப்பவர் தேவை. அவர் கேட்பதற்கு 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் துணை நிற்கின்றது.

கோப்புகளோடு வாழும் நமக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மேலிருந்து கேள்வி வராத கோப்பு உறங்கும்; வெளியிலிருந்து கேள்வி வந்தால் அதே கோப்பு விழித்துக்கொள்ளும். பணியில் இருக்கும் நம்மால் கேட்க இயலாதவற்றைக் கேட்க, நம் பிள்ளைகள் உளர். ஓய்வு பெற்ற பெரியோர் உளர். கேட்டு எழுதும் சிறு பத்திரிகை எம்மொழியில் இருப்பினும், சந்தா கட்டி அதனை நிலைக்கச் செய்யலாம். அதன்மீது வழக்கு வந்தால், வழக்கு முடிந்த பின்னும் அக்குடும்பத்தோடு நிற்கலாம். நம் சங்க மலர்களிலும் வாழ்த்துரைகளுக்கு ஒதுக்கும் பக்கங்களுள் இரண்டைக் குறைத்து, நாம் வாழும் பகுதியின் சாலையும் நீரும் பள்ளியும் எவ்வாறு உள்ளன என்று, நாளும் எண்ணும் குறித்து எழுதி வைக்கலாம். வருங்காலத்தில் எவரேனும் சான்று தேடி வரும்போது, தமிழில் எழுதிய அந்த இரண்டு பக்கமும் அவர்க்குப் பயன்படும்.