பாடும் உணர்ச்சியும்

ஒதெல்லோ நாடகம் பற்றி மாணவர் எழுதும் விடைகளிலே, அவன் தன் 'பாஷனால்' அழிந்தான் என்னும் கூற்று அடிக்கடி காணப்படும். அவ்வாங்கிலச் சொல்லுக்கு அவர்கள் கொள்ளும் பொருள் அடங்காச் சினம், அன்றேல் காமம். அது பிழையன்று, ஆயின் பாதிப் பொருளேயாம்.

'பாஷன்' என்பது இலத்தீன் மொழியிலே துன்புறுதலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துட் புகுந்த காலத்தில், இயேசுநாதர் சிலுவையிற் பட்ட துன்பத்தையே அது சிறப்பாகச் சுட்டிற்று. 1611ஆம் ஆண்டின் ஆங்கில விவிலியத்திலும், அப்போஸ்தலர் நடபடிகளின் முதலதிகாரத்தில், இச்சொல் அப்பொருளிலேயே நிற்கின்றது. நோயாளியைக் குறிக்கும் 'பேஷன்ற்', செயப்பாட்டுவினையைக் குறிக்கும் 'பசிவ்', இரக்கத்தைக் குறிக்கும் 'கொம்பாஷன்' ஆகியனவும் அவ்வடியினவே. கிரேக்கப் 'பாத்தோஸ்' ஒலியாலும் பொருளாலும் நெருங்கியதெனினும் வேறடியினது என்பர் மொழிநூலார். ஆயினும் அதனை இலத்தீனிற் பெயர்த்தற்குக் கையாளப்பட்டது இச்சொல்லின் மூலமே. அவ்வழியே மனத்தைத் தாக்கும் உணர்ச்சி என்னும் பொருளும் இதனுட் சேர்ந்தது.

துன்பம், உணர்ச்சி என்னும் இரண்டையும் பிணிப்பது யாது? தான் செய்யாது, தன்மேல் வந்து நேர்வதற்கு ஆட்படுதலே. நம் மொழியிலும் இதற்கோர் ஒப்புண்டு. 'படு' என்னும் அடியினின்று பாடு, செயப்பாட்டுவினை, மெய்ப்பாடு என்பன தோன்றின. துன்பம், இலக்கண வடிவம், உணர்ச்சி ஆகிய மூன்றும் ஓரடியிற் கூடுகின்றன. கிறித்தவத் தமிழர் இயேசுவின் துன்பத்தைப் 'பாடுகள்' என வழங்குவதும் கருதற்பாலது. இது மொழியுறவு அன்று, சிந்தனையொப்பே.

இனி நாடகத்தை நோக்குவோம். நான்காம் அங்கத்திலே ஒதெல்லோ பலர் முன்னிலையில் டெஸ்டிமோனாவை அடிக்கின்றான். அதனைக் கண்ட லொடோவிக்கோ, பாஷனால் அசைக்கப்படாத இயல்பினன் எனப் பேரெடுத்தவன் இவன்தானோ என மனம் நொந்து வினவுகின்றான். ஈண்டு அச்சொல் ஒருவனை மோதி அசைக்கும் ஆற்றலாகப் பேசப்படுகின்றது. சினம் என்று மட்டுங் கொள்வோர் கொலைஞனையே காண்பர். பாடு என்பதனையுஞ் சேர்த்துக் கொள்வோர், இயாகோ ஊட்டிய நஞ்சினால் வதைபடுவானையுங் காண்பர். அதனால் அவன் குற்றம் நீங்கிவிடாது. குற்றமற்றாள் உயிரைப் பறித்தவன் அவனே. செய்தவனும் பட்டவனும் ஒருவனாதலிலன்றோ அந்நாடகத்தின் அவலம் உள்ளது?

இன்று தொழில் விண்ணப்பங்களிலே இச்சொல் வெறும் பேரார்வமாக வழங்குகின்றது. அவ்வழக்குப் பழகிய மாணவர், பழைய நூல்களை அணுகும்போது சொல்லின் அடியில் உறையும் துன்பத்தை மறவாதிருப்பாராக.