சேக்கிழார் என்னும் குடிப்பெயர்

திருத்தொண்டர் புராணம் பாடிய பெரும்புலவரின் இயற்பெயர் அருண்மொழித்தேவர் என்பதைக் கற்றோருள்ளும் பலர் நினைவிற் கொள்வதில்லை. சேக்கிழார் என்றே அவரை அறிகின்றோம், அப்பெயராலேயே போற்றுகின்றோம். ஆயினும் சேக்கிழார் என்பது ஒருவர்க்கு இட்ட பெயரன்று. ஒரு குடியின் பெயர். தமிழர்தம் பெயர் வழக்கில் குடிப்பெயர் ஒன்று இயற்பெயரை முற்றும் மறைத்துத் தானே புலவர் பெயராய் நின்றது அருகிய நிகழ்ச்சியாகும். அப்பெயரின் தோற்றத்தையும் பொருளையும் பரவலையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இப்பெயர்க்குப் பலரும் கூறிவரும் பொருள் ஒன்று உண்டு. சே என்பது எருது. கிழார் என்பது உரியவர். ஆகவே எருதுகளை உடைய உழவர் குடியினர் சேக்கிழார் என்பர். இவ்விளக்கம் கேட்பதற்கு இனியது. உழவின் பெருமைக்கும் விடையேறும் பெருமானைப் பாடிய புலவர்க்கும் ஒத்ததாகத் தோன்றுவது. இனிமையும் பொருத்தமும் சான்றாகா. ஆதலின் பெயரின் இரு உறுப்புகளையும் தனித்தனியே எடுத்து நோக்குவோம்.

முதற்கண் கிழார் என்னும் சொல்லைக் கொள்வோம். கிழமை என்பது உரிமை. உரிமையுடையான் கிழான், கிழவன், பெண்பாலில் கிழத்தி. தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் கிழவன், கிழத்தி என வருவன தலைவனையும் தலைவியையும் குறிப்பனவேயன்றி முதுமையைச் சுட்டுவனவல்ல. சங்கத் தொகைகளில் இச்சொல் பெயரோடு சேர்ந்து இரு நிலையில் வருகின்றது. புலவர் பெயர்களில் உயர்வுப் பன்மையாய்க் கோவூர் கிழார், ஆலத்தூர் கிழார், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார், கூடலூர் கிழார் என நிற்கின்றது. வள்ளல்கள் பெயர்களில் சிறுகுடி கிழான் பண்ணன், அம்பர் கிழான் அருவந்தை, ஈர்ந்தூர் கிழான் தோயன் மாறன், மல்லி கிழான் காரியாதி என ஒருமையாய் நிற்கின்றது. இப்பெயர்களை ஒருங்கு வைத்து நோக்கின் ஓர் உண்மை புலனாகும். கிழார் என்பதற்கு முன்னர் நிற்பது ஊர்ப்பெயரே. இன்ன ஊரின்கண் உரிமையுடையார் என்பதே இவ்வமைப்பின் பொருள். கால்நடையின் பெயரோடு கிழார் சேர்ந்த பெயர் இவ்வரிசையில் இல்லை.

இவ்வமைப்பு சோழர் காலத்தும் தொடர்ந்தது. கராசிமா, சுப்பராயலு, மட்சுயி ஆகிய மூவரும் தொகுத்து 1978-இல் வெளிவந்த சோழர் கல்வெட்டுப் பெயரடைவு, கிழான், உடையான், வேளான் என்பன நிலவுரிமையைச் சுட்டும் பெயர்களாகக் கல்வெட்டுகளில் வழங்கியமையை ஆராயத் துணைசெய்கின்றது. உமாபதி சிவாசாரியார் பெயரால் வழங்கும் சேக்கிழார் புராணமும், தொண்டை நாட்டு வேளாண் குடிகளைக் கூறுமிடத்துக் கூடல் கிழான், புரிசை கிழான் என ஊரால் அமைந்த குடிப்பெயர்களோடு ஒருங்கு வைத்தே சேக்கிழாரைக் குறிக்கின்றது. உடன் வைத்தெண்ணிய பெயர்கள் ஊராற் பெற்றனவாக, இஃது ஒன்று மட்டும் எருதாற் பெற்றது எனக் கொள்வதற்குத் தனிச்சான்று வேண்டும்.

இனிச் சே என்னும் சொல்லை நோக்குவோம். தொல்காப்பிய உயிர்மயங்கியல் இச்சொற்குத் தனி விதிகள் வகுத்துள்ளது. சே என்பது மரத்தைக் குறிப்பின் வருமொழி வல்லெழுத்திற்கு இனமான மெல்லெழுத்து மிகும், சேங்கோடு என்றாகும். இன்றும் சேங்கொட்டை என்னும் வழக்கில் இதனைக் காணலாம். பெற்றத்தைக் குறிப்பின் இன்சாரியை வேண்டும், சேவின்கோடு என்றாகும். அவ்விதியின்படி எருதுக்குரியார் சேவின்கிழார் ஆதல் வேண்டுமேயன்றிச் சேக்கிழார் ஆதல் இல்லை. ஏனைய ஏகார ஈற்றுப் பெயர்களே பொதுவிதியான் வல்லெழுத்து மிகுவன.

தொல்காப்பியர் விதி பன்னிரண்டாம் நூற்றாண்டு வழக்கினைக் கட்டுப்படுத்துமோ எனின், முற்றும் கட்டுப்படுத்தாது என்பதை உடன்படுகின்றோம். சாரியைகள் வழக்கில் நெகிழ்ந்தன. உயிரீற்றின் முன் வல்லினம் மிகும் என்னும் நன்னூற் பொதுவிதியானும் சேக்கிழார் என்பது முடியும். ஆயினும் பெற்றத்தைக் குறிக்கும் இடத்துச் சேங்கன்று என மெல்லெழுத்து மிக்க வழக்கும் உளதாதலின், இலக்கணம் எருது என்னும் பொருளை முற்றும் விலக்காவிடினும் அதற்கு வலிமையும் தரவில்லை என்பதே முடிபு.

சே என்பது ஊராயின், அப்புலவர் குன்றத்தூரினர் எனப்படுதல் யாங்ஙனம்? ஒருவர்க்கு இரண்டு ஊர் உளவாமோ? இத்தடைக்கு விடை சங்கப் புலவர் பெயர்களிலேயே உள்ளது. ஆவூர் மூலங்கிழார், ஐயூர் மூலங்கிழார், துறையூர் ஓடைகிழார் என்னும் பெயர்களில் ஊர்ப்பெயர் ஒன்று முன்னிற்க, அதன்பின் உரிமைப் பெயர் தனியே வருகின்றது. குன்றத்தூர்ச் சேக்கிழார் என்பதும் இவ்வமைப்பினதே. முன்னது வாழும் ஊர். பின்னது முன்னோர் பெற்ற உரிமையின் நினைவு.

ஈண்டு ஒரு வேறுபாட்டையும் உணர்தல் வேண்டும். ஆவூர் மூலங்கிழாரின் மகனார் பெருந்தலைச் சாத்தனார் எனப்படுகின்றார். தந்தையின் கிழமைப் பெயர் மகன்மேற் செல்லவில்லை. தந்தையைச் சுட்டவே பயன்பட்டது. சங்க காலத்தில் ஒருவர்க்கு உரியதாயிருந்த சிறப்புப்பெயர், சோழர் காலத்தில் வழிவழி வரும் குடிப்பெயராயிற்று. இதற்குச் சான்று திருமழபாடிக் கல்வெட்டு. இரண்டாம் இராசராசன் காலத்ததாகிய அதன்கண், புலியூர்க் கோட்டத்துக் குன்றத்தூர் நாட்டுக் குன்றத்தூரினனாகிய சேக்கிழான் மாதேவடிகள் இராமதேவன் உத்தமசோழப் பல்லவராயன் என்னும் பட்டத்தோடு குறிக்கப்படுகின்றான். கோட்டம், நாடு, ஊர், குடி, பெயர், பட்டம் என நிரலே செல்லும் இவ்வரிசையில் சேக்கிழான் என்பது நிற்கும் இடம் நோக்கத்தக்கது. அஃது ஊர்க்கும் இயற்பெயர்க்கும் நடுவே குடிப்பெயராய் நிற்கின்றது. இவ்விராமதேவர் நம் புலவரேயாவர் என்பாரும், அக்குடியிற் பிறந்த வேறொருவர் என்பாரும் உளர். எவ்வாறாயினும், சேக்கிழார் என்பது குடியைக் குறித்தது என்னும் எம் கருத்திற்கு இழுக்கில்லை.

இனி இப்பெயர் பரவிய வரலாறு வியப்புக்குரியது. குடிப்பெயர் பரவுதல் என்பது அக்குடியினர் பெருகுவதால் நிகழ்வது. இங்கோ அவ்வாறன்று. அநபாயன் எனப்பட்ட இரண்டாம் குலோத்துங்கன் (கி.பி. 1133–1150) காலத்து எழுந்த ஒரு நூலின் சிறப்பினால், பலர்க்கு உரியதாயிருந்த பெயர் ஒருவர்க்கே உரியதாய்ச் சுருங்கிற்று. சுருங்கிய பின்னரே அது நாடெங்கும் பரவிற்று. இன்று தொண்டை நாட்டோடும் அக்குடியோடும் தொடர்பில்லாத பெற்றோரும் தம் மக்கட்கு இப்பெயரை இடுகின்றனர். குடிப்பெயர் புலவர் பெயராகி, புலவர் பெயர் இடுபெயராயிற்று.

பெயரின் பொருளை இத்துணை நுணுகி ஆராய்தல் எற்றுக்கு என்று வினவலாம். திறனாய்வில் ஒரு வழு நேராமற் காத்தற்கே என்போம். சேக்கிழார் உழவர் குடியினர். ஆதலின் உழவை நன்கு பாடினார் எனப் பெயரினின்று நூலுக்குச் செல்கின்றனர் சிலர். அவரே, உழவை நன்கு பாடியிருத்தலின் அப்பெயர் எருதுடையாரையே குறிக்கும் என நூலினின்று பெயருக்கு மீள்கின்றனர். ஒன்றையொன்று தாங்கி நிற்கும் இவ்விரு கூற்றுக்கும் வெளிச்சான்று இல்லை. உழவுத்தொழிலை அப்புலவர் உணர்ந்திருந்தமைக்குச் சான்று வேண்டின் இளையான்குடி மாறனார் வரலாற்றைக் காண்க. மழை பெய்யும் நள்ளிருளில், பகலில் விதைத்து முளைத்த நெல்லை வாரி வந்து விருந்தினர்க்கு அமுதாக்கிய அந்நிகழ்ச்சியில், விதை எது, உணவு எது, அவற்றுள் ஒன்றை இழந்து ஒன்றைப் பெறுதல் உழவனுக்கு எத்தகையது என்பதை உணர்ந்த உள்ளம் தெரிகின்றது. அவ்வுணர்வு பாட்டின்கண் உளது; பெயரின்கண் தேடவேண்டுவதில்லை.

ஆகவே, சேக்கிழார் என்பது சே என்னும் ஊரில் உரிமை பூண்ட முன்னோரால் வந்த குடிப்பெயர் எனக் கொள்வதே பெயரமைப்பிற்கும் இலக்கணத்திற்கும் கல்வெட்டு வழக்கிற்கும் இயைவது என்பது எம் முடிபு. தொண்டை நாட்டுக் கல்வெட்டுகளில் வரும் சிற்றூர்ப் பெயர்களை இந்நோக்கோடு தொகுத்து ஆராய்தல் அடுத்துச் செய்யத்தக்க பணியாகும். எருதென்னும் பொருளை இழப்பதால் அப்புலவர் பெருமை சிறிதும் குறையாது. அவர் பெருமை அவர் பாடிய நூலால் அமைந்தது.